ஏழு அங்குல விளக்கும் ஐந்து வோல்ட் முள்ளும்

பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் அமெரிக்கர்கள் எஞ்சினைப் பற்றி அதிகம் குறைப்படுவதில்லை. காலாகாலத்தில் ஆயில் மாற்றினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் அலுத்துக்கொள்வது இரண்டு விஷயங்களுக்காக. ராத்திரியில் ரோடு தெரியவில்லை. டேஷ்போர்டில் முள் உண்மை சொல்லவில்லை.

ஃபோர்டு எஃப்-100 வண்டியை எடுத்துக்கொள்வோம். இந்தப் பெயர் 1953இல் வந்தது, 1983 வரை நீடித்தது. இதில் 1967 முதல் 1972 வரையிலான மாடல்களை அங்கே பிரியத்தோடு 'பம்ப்சைடு' என்று அழைக்கிறார்கள். பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஓடும் புடைப்புதான் பெயருக்குக் காரணம். அகன்ற முகம், அதன் இரு கோடியிலும் ஏழு அங்குல வட்ட விளக்கு. ஒரு காலத்தில் வைக்கோல் கட்டும் மாட்டுத்தீவனமும் ஏற்றிய வண்டி. இன்று ஐம்பது வயதைத் தாண்டி, பெயின்ட் பூசி, வார இறுதிகளில் வெளியே வருகிறது. அதன் விளக்கையும் மீட்டரையும் அன்றைய நிலையோடும் இன்றைய நிலையோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. விளக்கில் காலம் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. மீட்டரில், ஓட்டுபவருக்கு உண்மையைச் சொல்வதில், பின்னேறியிருக்கிறது. ஆகவே பழைய வண்டிக்காரர் இரண்டையும் ஒரே மாதிரி கையாளக்கூடாது.

ஆரம்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபோர்டு தன் தொழிற்சாலையிலேயே பிக்கப் பெட்டி கட்டி விற்கத் தொடங்கியது 1925இல், மாடல் டி காரின் சேசிஸில். மாடல் டி வண்டிகளில் முதலில் இருந்தவை கார்பைடு வாயுவில் எரியும் விளக்குகள். 1915இல் மின்விளக்கு வந்தபோது அதற்கு மின்சாரம் எஞ்சினின் மேக்னெட்டோவிலிருந்து போனது. எஞ்சின் வேகம் கூடினால் வெளிச்சம் கூடும், மேடேற வண்டி திணறினால் வெளிச்சமும் மங்கும். எங்கே நன்றாகப் பார்த்து ஓட்ட வேண்டுமோ அங்கேதான் இருட்டு.

அதற்குப் பிறகு பேட்டரி வந்தது, கண்ணாடியும் பல்பும் மேம்பட்டன. ஆனாலும் 1930களின் விளக்குகளுக்கு ஒரு தீராத நோய் இருந்தது. முன் கண்ணாடி தனி, உள்ளே வெள்ளி முலாம் பூசிய பிரதிபலிப்பான் தனி, பல்பு தனி. இடுக்கு வழியாக ஈரமும் தூசியும் உள்ளே போகும், முலாம் கறுக்கும், சில வருஷங்களில் வெளிச்சம் பாதியாகும். கம்பெனிக்கு ஒரு வடிவம் வேறு. வழியில் விளக்கு போனால் பொருத்தமான பல்பு கிடைப்பது அதிர்ஷ்டம்.

1940 மாடல் ஆண்டில் அமெரிக்க வாகனத் தொழில் மொத்தமும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தது. ஏழு அங்குல விட்டம், வட்டம், கண்ணாடியும் பிரதிபலிப்பானும் ஒன்றாக உருக்கி ஒட்டியது, இழை உள்ளேயே, காற்று புகாதபடி மூடியது. இதுதான் சீல்டு பீம். இழை அறுந்தால் முழு விளக்கையும் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்ட வேண்டும். வீணடிப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய கண்ணாடியும் கறுக்காத பிரதிபலிப்பானும் கிடைக்கின்றன அல்லவா! எந்த மாநிலத்தில், எந்தச் சின்ன ஊரின் பெட்ரோல் நிலையத்தில் கேட்டாலும் அது கிடைத்தது. வளையத்தைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூக்களைக் கழற்றி, பின்னால் மூன்று முள் சாக்கெட்டை உருவி, புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. குறியைச் சரிசெய்யும் இரண்டு ஸ்குரூக்களை மட்டும் தொடாமல் இருக்க வேண்டும். அந்தக் கண்ணாடியின் முகத்தில் மூன்று சிறிய மொட்டுகள் இருக்கும், கவனித்திருக்கலாம். அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல அவை. குறி பார்க்கும் கருவியை அந்த மொட்டுகளில் பொருத்தித்தான் விளக்கின் சாய்வை அளப்பார்கள்.

இதைவிட ஜனநாயகமான உதிரிபாகம் வாகன வரலாற்றில் குறைவு என்பேன். சொகுசுக் காரில் போகிறவருக்கும் பால் கேன் ஏற்றிப் போகிறவருக்கும் ஒரே விளக்கு, ஒரே விலை. 1950களின் நடுவில் ஆறு வோல்ட் போய் பன்னிரண்டு வோல்ட் வந்தபோதும் (ஃபோர்டில் 1956) விட்டம் மாறவில்லை. 1957-58இல் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறிய விளக்குகள் நாகரிகமாயின. ஃபோர்டு பிக்கப்பும் 1958 முதல் 1960 வரை அந்த வேஷம் போட்டுவிட்டு, 1961இல் பழையபடி இரண்டுக்கே திரும்பியது.

ஆனால் நல்லதென்று போட்ட விதி பிறகு பூட்டாகிப்போனது. சீல்டு பீம் தவிர வேறு விளக்குக்கு அமெரிக்காவில் அப்போது அனுமதி இல்லை. ஐரோப்பாவில் 1962இல் ஹாலஜன் பல்பு காருக்கு வந்தது. 1971இல் ஹை பீமும் டிம்மும் ஒரே பல்பில் அடங்கிய ஹெச்4 வந்தது. அமெரிக்க வண்டிகள் அப்போதும் 1940இன் அடிப்படையிலேயே எரிந்துகொண்டிருந்தன. ஹை பீமின் மொத்தச் செறிவுக்கான உச்சவரம்பு 75,000 கேண்டெலாவிலேயே கிடந்தது. 1978இல்தான் அதை 1,50,000 ஆக உயர்த்தினார்கள். பல்பை மட்டும் மாற்றக்கூடிய விளக்குக்கு 1983இல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு லிங்கன் மார்க் 7 அந்த வகை விளக்கோடு வந்தது. ஃபோர்டின் பெரிய பிக்கப்புகளுக்கு அது எட்டியது 1987 மாடலில். நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு தேசமே பழைய வெளிச்சத்தில் ஓட்டியதை நான் பெருமையாகச் சொல்லமாட்டேன்.

எஃப்-100இன் காலத்து ஓட்டுநருக்கு அந்த வெளிச்சம் போதுமா என்ற கேள்வியே எழுந்திருக்காது. ரோட்டில் எல்லாரிடமும் அதேதான் இருந்தது. எதிரே வருபவரின் விளக்கும் மஞ்சளாக, மிதமாக இருந்ததால் இருட்டுக்குப் பழகிய கண் பழகியபடியே இருந்தது. எதிரே வண்டி தெரிந்தால் இடது காலால் தரையில் இருக்கும் டிம் ஸ்விட்சை மிதிப்பார்கள். கிளட்சும் அதே காலுக்குத்தான். பனிக்காலத்தில் பூட்சில் ஒட்டிவரும் பனியும் சாலையில் தூவிய உப்பும் அந்தத் தரை ஸ்விட்சின் மேல்தான் வழியும். அது துருப்பிடித்ததில் வியப்பில்லை.

அந்தத் துருவில்தான் இன்றைய கதை தொடங்குகிறது.

ஐம்பது வருஷ வண்டியின் விளக்கு மங்கலாக எரிந்தால் எல்லாரும் முதலில் விளக்கைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி விளக்கு அல்ல, அதற்கு மின்சாரம் வரும் பாதை. எஃப்-100இல் அந்தப் பாதை எப்படிப் போகிறது பாருங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பி, எஞ்சின் அறைச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, டேஷ்போர்டில் இழுத்தால் எரியும் ஸ்விட்சுக்குள் புகுந்து, அங்கிருந்து தரையில் இருக்கும் டிம் ஸ்விட்சுக்கு இறங்கி, மறுபடி சுவரைத் தாண்டி வெளியே போய், வண்டியின் மூக்குவரை நடந்து விளக்கை அடைகிறது. முழு மின்னோட்டமும், ஹை பீமில் பத்து ஆம்பியர் அளவுக்கு, இத்தனை இணைப்பு வழியாகவும் போக வேண்டும். திரும்பி வரும் வழி தகரத்தின் எர்த். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் பச்சைக் களிம்பு, ஒவ்வொரு ஸ்குரூவின் அடியிலும் கொஞ்சம் துரு. எல்லாம் சேர்ந்து ஒன்று, ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும்.

ஒன்றரை வோல்ட் அற்பமாகத் தெரியலாம். இழை விளக்கில் அப்படி அல்ல. வெளிச்சம் வோல்ட்டேஜின் விகிதத்தில் குறையாது. அதன் ஏறக்குறைய 3.4 அடுக்குக்கு ஏற்றபடி குறையும். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். கடைக்குப் போய் விலையுயர்ந்த பல்பு வாங்கி மாட்டினாலும் அதே பஞ்சத்தில்தான் அதுவும் எரியும்.

கண்டுபிடிப்பதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு ஒயரையும் விளக்கின் சாக்கெட்டில் மின்சாரம் வரும் முள்ளில் மற்றதையும் வையுங்கள். அங்கே தெரிவது வழியில் இழந்த வோல்ட்டேஜ். அதேபோல விளக்கின் எர்த் முள்ளுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தால் எர்த்தில் இழந்தது தெரியும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டேஜ் காட்டி ஏமாற்றும்.

மருந்து ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச். ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டு, தடித்த ஒயரில் நேராக ரிலேயின் 30ஆம் முனைக்கு மின்சாரம் கொண்டுவர வேண்டும். 87ஆம் முனையிலிருந்து விளக்குக்குப் போகும். பழைய ஒயரிங் 85, 86 முனைகளில் இருக்கும் சுருளை இயக்கினால் போதும், அதற்குத் தேவை கால் ஆம்பியருக்கும் குறைவு. டேஷ்போர்டில் பழைய கைப்பிடியை இழுக்கலாம், தரையில் பழைய ஸ்விட்சை மிதிக்கலாம். பாரம் மட்டும் அவற்றின் மேல் இருக்காது. எஃப்-100இன் விளக்கு ஸ்விட்சுக்குள் ஒரு வெப்பப் பாதுகாப்பான் இருக்கிறது. மின்னோட்டம் மிஞ்சினால் அது துண்டித்து, ஆறியதும் மறுபடி இணைக்கும். அதிக வாட் பல்பு போட்டு ரிலே போடாதவர்களின் வண்டியில் ஓடும்போதே விளக்கு அணைந்து அணைந்து எரிவது இதனால்தான். நடுராத்திரி வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை.

ரிலே போட்டு எர்த் ஒயரை நேராகப் பேட்டரிக்கோ சுத்தம் செய்த சேசிஸுக்கோ கொண்டுபோன பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால்தான் விளக்கை மாற்றும் பேச்சு. ஏழு அங்குல வட்டம் உலகப் பொது அளவாகிவிட்டதால் இதில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. நம் ஊர் அம்பாசடர், மஹிந்திரா ஜீப், புல்லட் எல்லாம் அந்த வட்டத்துக்குச் சொந்தக்காரர்கள்தான். சீல்டு பீமைக் கழற்றிவிட்டு ஹெச்4 கூட்டைப் பொருத்தலாம். 60/55 வாட் பல்பு. ஐரோப்பிய வடிவக் கண்ணாடியில் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோடு போட்டதுபோல வெட்டப்பட்டிருக்கும், எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகாது. பழைய அமெரிக்க டிம்மில் அப்படிக் கறாரான விளிம்பு கிடையாது. சாலைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகைகள் தெரிய வேண்டுமென்று கொஞ்சம் வெளிச்சத்தை மேலேயும் விட்டார்கள்.

அடுத்த படி எல்இடி. இங்கேதான் கோபம் வருகிறது எனக்கு. முழு ஏழு அங்குல எல்இடி விளக்கு ஒன்று. ஹாலஜன் கூட்டுக்குள் செருகும் எல்இடி பல்பு வேறொன்று. முதலாவதை முதலிலிருந்தே எல்இடிக்கென்று வடிவமைக்கிறார்கள். அமெரிக்க விதிக்கு உட்பட்டுத் தயாரித்ததாக இருந்தால் தயங்காமல் போடலாம். மின்சாரமும் குறைவாகவே எடுக்கும், பழைய ஒயரிங்குக்கு நிம்மதி. இரண்டாவது அப்படி அல்ல. ஹெச்4 கூட்டின் பிரதிபலிப்பான், இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியை நம்பி வார்த்தது. டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகத் தொப்பி இருக்கும், அதுதான் மேல் விளிம்பை வெட்டுகிறது. பட்டையான எல்இடி சில்லை அங்கே செருகினால் வெளிச்சம் சிதறும். ஓட்டுபவருக்கு மூக்கின் முன்னால் பளீரென்று வெள்ளையாகத் தெரிவதால் 'அடேயப்பா' என்று தோன்றும். தூரம் தெரியாது, எதிரே வருபவருக்கும் ஒன்றும் தெரியாது. அமெரிக்க விதிகள் இந்தச் செருகலை ஏற்கவில்லை, ஆனாலும் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் எதிர்த்திசையில் வரும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

முழு எல்இடி விளக்கிலும் ஒரு சங்கதி உண்டு. இழை விளக்கின் கண்ணாடி சூடாக இருக்கும், மேலே விழும் பனி உருகிவிடும். எல்இடியின் முகம் குளிர்ந்தே இருப்பதால் மினசோட்டா, மிச்சிகன் போன்ற வடமாநிலங்களில் பனிப்பொழிவின்போது விளக்கு மூடிக்கொள்ளும். அதற்கென்று சூடேற்றும் கம்பி பதித்த விளக்குகளும் விற்கிறார்கள். குளிர்நாட்டில் வண்டி ஓட்டுபவர் வாங்கும்போதே இதைக் கேட்க வேண்டும்.

புதிய வண்டிகளின் நிலை என்ன? 2015 எஃப்-150இல் எல்இடி முகப்பு விளக்கு கிடைக்கத் தொடங்கியது. எதிரே வரும் வண்டியை மட்டும் கண்டுகொண்டு அந்தப் பகுதியின் வெளிச்சத்தைத் தானே குறைக்கும் விளக்குகளுக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஐரோப்பாவில் அவை அதற்குப் பல ஆண்டு முன்பே ஓடிக்கொண்டிருந்தன. வெளிச்சத்தின் தரத்தில் அன்றைய சீல்டு பீமை இவற்றோடு ஒப்பிடவே முடியாது. உடைந்தால் மட்டும் நிலைமை தலைகீழ். அன்று பெட்ரோல் நிலையத்தில் வாங்கியதை இன்று கம்பெனி டீலரிடம், அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும் முழுக் கூடாக, பல நூறு டாலருக்கு வாங்க வேண்டும். சிலவற்றில் மாற்றிய பிறகு கம்ப்யூட்டரோடு அறிமுகம் செய்துவைக்கவும் வேண்டும். அந்த வகையில் பழைய பிக்கப்காரர் பாக்கியசாலி. இன்றைய வெளிச்சத்தை அன்றைய வட்டத்துக்குள், சில ஸ்குரூக்களில், தன் கையாலேயே மாட்டிக்கொள்கிறார்.

மீட்டர்களின் கதை எதிர்த்திசையில் போகிறது.

மாடல் டி வண்டியில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. இருக்கைக்கு அடியில் டேங்க், ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து வந்த மாடல் ஏ வண்டியில் டேங்க் கண்ணாடிக்கு முன்னால், டேஷ்போர்டை ஒட்டியே இருந்தது. அதனுள் மிதக்கும் மிதவையே எண்களை நகர்த்தும், ஓட்டுபவர் நேராகப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒயரும் இல்லை, பொய்யும் இல்லை. டேங்க் பின்னால் போன பிறகுதான் தூரத்துச் செய்தியை முன்னால் கொண்டுவரும் வேலை வந்தது. அந்த வேலையில் பேர்போனது மிச்சிகனின் ஆன் ஆர்பரில் இருந்த கிங்-சீலி நிறுவனம். எஃப்-100இன் பெட்ரோல், வெப்பநிலை, ஆயில் பிரஷர் மீட்டர்கள் அந்த வழிவந்தவை.

அவற்றின் வேலைமுறையை ரசிக்காமல் இருக்க முடியாது. மீட்டருக்குள் இரட்டை உலோகப் பட்டை ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. மின்சாரம் போனால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். சூடாக நேரமாவதால் முள் மெதுவாகவே ஏறும், மெதுவாகவே இறங்கும். மேடுபள்ளத்தில் பெட்ரோல் டேங்கில் குலுங்கினாலும் முள் துள்ளாது. டேங்க் காலியாக இருந்தால் மிதவையோடு சேர்ந்த மின்தடை 73 ஓம், நிறைந்திருந்தால் 10 ஓம். தடை குறைந்தால் மின்சாரம் கூடும், முள் ஏறும். அவ்வளவுதான்.

ஆனால் வண்டியின் வோல்ட்டேஜ் ஒரே நிலையில் இருப்பதில்லை, எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதனால் மீட்டர் கூட்டின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளும் ஒரு சூடேறும் பட்டை. சூடானால் விலகித் துண்டிக்கும், ஆறினால் தொட்டு இணைக்கும். விளைவு, பன்னிரண்டு வோல்ட் விட்டுவிட்டுப் போய், சராசரியாக ஐந்து வோல்ட்டாக மீட்டர்களுக்குக் கிடைக்கிறது. முள் மந்தமாக இருப்பதால் அந்த விட்டுவிட்டு வரும் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது. மெதுவான ஒரு கருவியின் மந்தத்தையே நம்பி இன்னொரு மெதுவான கருவியைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கணிப்பொறிச் சில்லும் இல்லாத காலத்தின் கெட்டிக்காரத்தனம் இது. ரேடியோவில் டிக் டிக் என்று இரைச்சல் வந்தால் பெரும்பாலும் இந்தத் தொட்டு விலகும் பொறியிலிருந்துதான்.

இந்த அமைப்பு புரிந்துவிட்டால் கோளாறு கண்டுபிடிப்பது தர்க்கமாகிவிடும். எந்தப் பொருளையும் கழற்றுமுன் முட்களை ஒன்றாகப் பாருங்கள். எல்லா முள்ளும் ஒருசேரச் செத்துக் கிடந்தால் ரெகுலேட்டருக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அது திறந்தபடியே நின்றுவிட்டது. எல்லாம் ஒருசேர உச்சிக்கு ஏறினால் அது ஒட்டிக்கொண்டு முழுப் பன்னிரண்டு வோல்ட்டையும் விடுகிறது. அல்லது அதன் கூட்டுக்கு எர்த் இல்லை. உடனே சாவியை அணைக்க வேண்டும். விட்டால் மீட்டருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி கருகும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினாலும் சந்தேகம் அதே இடத்தில்தான். ஒரே ஒரு முள் மட்டும் தவறினால் ரெகுலேட்டர் நிரபராதி. அந்த மீட்டருக்குரிய சென்டரையும் (அளவை மின்தடையாக மீட்டருக்கு அனுப்பும் பாகம்) ஒயரையும் பார்க்க வேண்டும்.

சென்டரில் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் 10 ஓம் தடை ஒன்றை வைத்துப் பார்த்தால், நல்ல மீட்டர் மெதுவாக 'ஃபுல்' காட்டும். 73 ஓம் வைத்தால் காலி காட்டும். இரண்டும் சரியாக வந்தால் மீட்டரும் ஒயரும் நலம், குறை டேங்குக்குள். ஒயரை நேராக எர்த்தில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பல மெக்கானிக்குகளுக்கு உண்டு. வேண்டாம், அது முள்ளை எல்லைக்கு மேல் தள்ளும்.

1972 வரையிலான எஃப்-100இல் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? கேபினுக்குள், இருக்கையின் முதுகுக்குப் பின்னால். பல லிட்டர் பெட்ரோலோடு சாய்ந்து உட்கார்ந்துதான் அந்தத் தலைமுறை ஓட்டியது. 1973இல் அதை வெளியே, பெட்டிக்கு அடியில் கொண்டுபோனார்கள். பழைய வண்டியில் சென்டரைக் கழற்ற இருக்கையை முன்னால் தள்ளினால் போதும், வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. சென்டரின் எர்த் துருப்பிடித்திருந்தால் டேங்க் நிறைந்தும் முள் குறைத்துக் காட்டும். பித்தளை மிதவையில் ஊசிமுனை ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருந்தால் அது மூழ்கிக் கிடக்கும், முள் எப்போதும் காலிதான். கழற்றிய மிதவையைக் காதருகே குலுக்கினால் தெரிந்துவிடும்.

இப்போது பலர் அந்த டேங்கைக் கேபினிலிருந்து வெளியேற்றி அடியில் மாட்டுகிறார்கள். மிக நல்ல காரியம், பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டியதும்கூட. ஆனால் புதிய டேங்கோடு வரும் சென்டர் எந்தக் கணக்கைப் பேசுகிறது என்று பார்ப்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் முறையில் காலிக்கு 0 ஓம், நிறைந்தால் 90. ஃபோர்டே 1987இலிருந்து காலிக்கு 16, நிறைந்தால் 158 என்று மாறிவிட்டது. இவற்றைப் பழைய ஃபோர்டு மீட்டரோடு இணைத்தால் டேங்க் நிறைய நிறைய முள் இறங்கும்! மீட்டர் கெட்டுவிட்டது என்று அதையும் தூக்கிப் போட்டு, முழு டிஜிட்டல் பலகை வாங்கி மாட்டியவர்கள் உண்டு. 73-10 என்று கேட்டு வாங்கியிருந்தால் ஒன்றுமே தேவைப்பட்டிருக்காது.

ரெகுலேட்டர் ஒன்றை மட்டும் நான் புதியதாக மாற்றச் சொல்வேன். தொட்டு விலகும் பட்டைக்குப் பதில் சில்லு வைத்து, நிலையாக ஐந்து வோல்ட் தரும் மாற்று இன்று எளிதாகக் கிடைக்கிறது. வெளித்தோற்றம் அதேதான், ஒட்டிக்கொண்டு மீட்டரைக் கருக்கும் பயம் இல்லை, ரேடியோ இரைச்சலும் இல்லை. கூட்டின் பின்னால் இருக்கும் மெல்லிய அச்சிட்ட மின்பாதைத் தாளை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும்.

இன்றைய மீட்டருக்கு வருகிறேன். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு தன் பிக்கப்புகளின் ஆயில் பிரஷர் மீட்டரில் ஒரு காரியம் செய்தது. பிரஷரை அளக்கும் சென்டரை எடுத்துவிட்டு, ஒரு சாதா ஆன்-ஆஃப் ஸ்விட்சை வைத்தது. பிரஷர் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் ஸ்விட்ச் மூடும், மீட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒரு தடை முள்ளை நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். பத்தோ ஐம்பதோ, முள்ளுக்கு எல்லாம் ஒன்று. எண்கள் அச்சிட்ட பலகை, அசையும் முள், ஆனால் அளவு கிடையாது. எச்சரிக்கை விளக்கு ஒன்றை மீட்டர் வேஷத்தில் உட்கார வைத்திருந்தார்கள். முள் சற்றே அசைந்தாலும் பயந்துபோய் டீலரிடம் ஓடிவரும் வாடிக்கையாளரைத் தவிர்க்க இது வசதி. அந்த வண்டிகளை வைத்திருக்கும் விவரமானவர்கள் இன்று அந்தத் தடையைக் குறுக்கே இணைத்து, அசல் சென்டரை மாட்டி, மீட்டரை மறுபடி மீட்டராக்குகிறார்கள்.

வெப்பநிலை முள்ளிலும் அதே தந்திரம் பரவியது. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் அந்த முள்ளை இயக்குவது சென்டர் அல்ல, கம்ப்யூட்டர். எஞ்சினின் வெப்பம் ஒரு பெரிய வரம்புக்குள் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி எழுதிவைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். பழைய எஃப்-100இன் முள் அப்படி மறைக்காது. நீளமான ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது மெல்ல மேலே போகும், இறங்கும்போது தணியும். ஓட்டுபவர் தன் எஞ்சினின் சுபாவத்தை அந்த அசைவிலிருந்து கற்றுக்கொண்டார். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு வருவதை அது கொதிப்பதற்குப் பல வாரம் முன்பே உணர்ந்தார்.

டிஜிட்டல் பலகைக்கு நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிழைக் குறியீடுகளைச் சேமித்துவைத்து, எந்த சென்சார் எப்போது தவறியது என்று சொல்லும் திறமை அந்த நாளில் யாரிடமும் இல்லை. ஆனால் அது மெக்கானிக்குக்குச் சொல்லும் உண்மை. ஓட்டுபவருக்கு முள் சொன்ன உண்மை குறைந்துவிட்டது.

உதிரிபாகத்துக்குத் திண்டாட்டம் இல்லை என்பது ஆறுதல். கன்சாஸ் மாநிலத்தின் எல்எம்சி டிரக் போன்றவர்கள் பழைய பிக்கப்புகளுக்கான ஒயரிங், சென்டர், மீட்டர் முகப்பு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு விற்கிறார்கள். ஆனால் எளிதாகக் கிடைப்பதாலேயே அளக்காமல் மாற்றும் பழக்கம் வளர்ந்துவிட்டது. ஒரு எர்த் ஸ்குரூவைத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தால் தீர்ந்திருக்கும் குறைக்காக ஐம்பது வருஷம் உழைத்த மீட்டர் குப்பைக்குப் போகிறது. அந்த மீட்டரில் இருந்த நேர்மை புதிய பலகையோடு வருவதில்லை.

ஆகவே, விளக்கைத் தயங்காமல் மாற்றுங்கள்; மீட்டரை மாற்றாமல் சரிசெய்யுங்கள். பழைய பிக்கப்புக்கு மட்டும் அல்ல, வீட்டுக் கொட்டகையில் அம்பாசடரோ ஜீப்போ வைத்திருப்பவருக்கும் இதைத்தான் சொல்வேன். எதை வாங்குமுன்பும் மல்டிமீட்டரை எடுத்து விளக்கின் முனையிலும் எர்த்திலும் வோல்ட்டேஜைப் பாருங்கள். புதிய விளக்கு மாட்டிய அன்றே வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் குறியைத் தாழ்த்திச் சரிசெய்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்குங்கள். எதிரே வருபவரும் வீடுபோய்ச் சேர வேண்டும்.